மேடையில் விழுந்த இரண்டாவது அறை

அரூரில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் ஆறு வருடம் என் பக்கத்தில் நின்று புடவை விரித்துக் காட்டியவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கம்பைநல்லூரில் பஸ் ஏறுவாள், நான் மொரப்பூரில். எனக்காக சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். என் உடம்புக்கு ஒன்றரை ஆள் இடம் வேண்டும். அவள் மிச்சத்தில் அடங்கிவிடுவாள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தாலே கண்டக்டருக்குச் சிரிப்பு வரும்.

பழைய பேய்ப்படங்களை எனக்குக் காட்டியவள் அவள்தான். பயமுறுத்தும் பேய்ப்படங்கள் இல்லை, சிரிக்க வைக்கிறவை. கறுப்பு வெள்ளை பங்களா, காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, கூலிக்குக் காவல் காக்க வந்த இரண்டு பேர். ஒருவன் தடியன், அடிக்கிறவன். இன்னொருவன் ஒல்லி, அடி வாங்குகிறவன். பேய் எப்போதும் ஒல்லியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். தடியன் திரும்பிப் பார்க்கும்போது அங்கே எதுவும் இருக்காது, ஒல்லிக்கு ஒரு அறை விழும். ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு மொரப்பூரிலிருந்து அரூர் வரை பார்ப்போம். அவள் சத்தமில்லாமல் சிரிப்பாள், தோள் மட்டும் குலுங்கும்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் குடோனில் அதையே நடித்துப் பார்ப்போம். புடவை கட்டி நிறுத்தும் ஆளுயரப் பொம்மைகளில் உடைந்தவற்றை அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு பொம்மைக்கு வெள்ளைத் துணியைச் சுற்றினால் பேய். நான் தடியன், அவள் ஒல்லி. கையை அவள் கன்னத்துக்கு அருகே வீசி, இன்னொரு கையால் என் தொடையைத் தட்டுவேன். சத்தம் அறை மாதிரியே கேட்கும். அவளைத் தொடவே மாட்டேன்.

ஒரு ஆயுத பூஜைக்கு முதலாளி எங்களைக் கடை வாசலில் மேடை போட்டு நடிக்கச் சொன்னார். தெருவே கூடிவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் நடித்தோம். வாடிக்கையாளர்கள் புடவை எடுக்க வரும்போது, "அந்தப் பயப்படுற அக்கா எங்கங்க?" என்று கேட்பார்கள். என்னிடமே கேட்பார்கள். கதையை யோசித்தது நான், வசனம் எழுதியது நான், பொம்மையை எந்த நேரத்தில் கயிறு கட்டி இழுக்க வேண்டும் என்று சொன்னது நான். ஆனால் அடி வாங்குகிறவள் மேல்தான் எல்லாருக்கும் பிரியம். அடிக்கிறவளை யாரும் தேடி வருவதில்லை. இது எனக்குள் எவ்வளவு ஊறியிருந்தது என்று அன்றைக்கு வரை எனக்கே தெரியாது.

நான்காவது வருடம், பூஜையன்று காலையில் பஸ்ஸில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரஷர் மாத்திரை தீர்ந்து ஒரு வாரமாகிறது, வாங்க நேரமில்லை என்றாள். இடது கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றும் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அரூரில் இறங்கியதும் மருந்துக்கடையைத் தாண்டித்தான் போனோம். அவள் நின்றாள். அப்புறம் வாங்கிக்கலாம், நேரமாச்சு என்று நான் இழுத்துக்கொண்டு போனேன்.

பதினோரு மணி வெயிலில் நாடகம் ஆரம்பித்தது. பொம்மை அவள் பின்னால் வந்து நின்றது. அவள் பார்த்தாள், விரல் நீட்டினாள். நான் திரும்பினேன், பொம்மை மறைந்தது. முதல் அறையை வழக்கம்போல் காற்றில் வீசித் தொடையில் தட்டினேன். இனி அவள் "சாமி சத்தியமா பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. ஒரு கண் பாதி மூடியது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதுவரை எந்த வருடமும் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை.

எனக்குச் சொல்லாமலேயே புதிதாக ஒன்றை வீட்டில் பழகிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் வசனத்தைச் சொல்லாமல் நான் அடுத்ததைச் சொல்ல முடியாது. தூண் மாதிரி நின்றேன். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் வாயோரம் எச்சில் வழிந்தது, அதற்கும் சிரித்தார்கள். இரண்டாவது அறையை நான் தொடையில் தட்டவில்லை. அவள் கன்னத்தில், என் முழுக் கையால் அறைந்தேன். என் உள்ளங்கை எரிந்தது. நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம், மறுபடி இழுத்து நிறுத்தியிருந்த பொம்மை மேல் சாய்ந்து அதோடு சேர்ந்து சரிந்தாள். கைதட்டல் ஓயவில்லை. ஆல்டரேஷன் தைக்கிற பெரியவர்தான் முதலில் எழுந்தார். "சிரிக்காதீங்க. அந்தம்மாவுக்கு வாய் கோணுது, பாருங்க," என்றார்.

ஆட்டோவில் அரூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்சில் தர்மபுரி. கூடப் போனது நான். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். கீழே விழுந்தபோது என்றேன். பஸ்ஸில் கை மரத்ததைச் சொல்லவில்லை. கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்ததை நர்ஸ் பார்த்துவிட்டுக் கேட்டாள். விழுந்ததில் பொம்மையின் கை பட்டுவிட்டது என்றேன். சாயங்காலம் அவள் புருஷன் வந்து சேர்ந்தார். போர்வெல் லாரியில் ஓடுகிறவர், கர்நாடகாவிலிருந்து வந்திருந்தார். "நீங்க கூட இருந்ததால உசுரோட கெடக்கறா," என்று என்னைக் கும்பிட்டார். நான் கும்பிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போனது. யாரோ எடுத்த வீடியோ இரண்டு நாள் கடை வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது, அப்புறம் முதலாளி அழிக்கச் சொன்னார். நான் அழிக்கவில்லை. தனியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். விஷயம் தெரியாமல் பார்த்தால் அது நல்ல நகைச்சுவை. இதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு மூன்று தடவை எனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பைநல்லூர் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். பழம் வாங்கிப் போவேன், அவள் மகளிடம் கொஞ்ச நேரம் பேசுவேன், கிளம்பிவிடுவேன். ஐந்தாவது மாதத்தில் பேச்சு குழறலாகத் திரும்பியிருந்தது. மகள் துணி துவைக்கப் பின்பக்கம் போனதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"முதல்ல அடிச்சது பொய். ரெண்டாவது நெசம்," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் எடுத்தது.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"என்னமோ ஆவுதுன்னு உன்கிட்ட சொல்லத்தான் பார்த்தேன் புள்ள. வாய் வரல. நீ சிரிச்சே."

"தெரியலக்கா, நடிக்கறேன்னு நெனச்சிட்டேன்," என்றேன். அது பாதிதான் உண்மை.

அவள் என் கையை விட்டாள். படம் போடு என்றாள். போனில் போட்டேன். பங்களா வந்தது, கதவு சாத்திக்கொண்டது, ஒல்லிக்கு அறை விழுந்தது. அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரி," என்றாள்.

முடியலக்கா என்றேன்.

"அன்னிக்கி முடிஞ்சுதே. சிரி."

சிரித்தேன். படம் முடியும்வரை, அறை விழுந்த ஒவ்வொரு இடத்திலும் சிரித்தேன். அவள் புருஷன் வாசலில் செருப்பைக் கழற்றியபடியே, நீங்க வந்தாத்தான் இந்த வூட்டுல சிரிப்புச் சத்தமே கேக்குதுங்க என்று சந்தோஷப்பட்டார். அடுத்த மாதமும் அதே படம். அதற்கு அடுத்த மாதமும். நான் படியேறினதும் மகள் போனை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிடுவாள். அவள் மெல்லக் குணமாகிக்கொண்டு வந்தாள், குச்சி ஊன்றி நாலு அடி நடந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு ஒல்லிப் பெண்ணை வைத்து நடித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நான்தான் முதலாளியிடம் கேட்டேன். கூட்டம் பாதியில் கலைந்துவிட்டது. முன்ன அந்தம்மா இருந்தப்ப நல்லா இருந்துச்சு என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அதையடுத்து வந்த பொங்கலோடு கம்பைநல்லூர் போவதை நிறுத்திவிட்டேன். கடையையும் விட்டுவிட்டு இப்போது மொரப்பூரிலேயே வேறு வேலை பார்க்கிறேன். போன வாரம் அவள் மகள் போன் செய்தாள். அம்மா தினமும் கேட்கிறார்கள், ஏன் வருவதில்லை என்றாள். வேலை அதிகம், லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று சொன்னேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று புரிவதற்குள் வைத்துவிட்டேன்.