பனிக்காலத்தில் ஒரு கோடை இனிப்பு

அறுபதுகளின் நடுவில், கார்ல்ஸ்ரூஹேயில் நான் ஆராய்ச்சி மாணவன். அந்த வருஷம் நோன்பு கடும் குளிரில் வந்தது. சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடும். பசி தெரியவில்லை, ஆனால் கடல்பாசி இனிப்பு இல்லாமல் நோன்பு திறப்பதுதான் என்னவோ போலிருந்தது.

கீழக்கரையிலிருந்து உம்மா அனுப்பிய பார்சலில் காய்ந்த கடல்பாசி ஒரு கட்டு இருந்தது. பிரித்ததும் சமையலறைக்கு ஓடினேன். தண்ணீரில் கரையக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்து, தட்டில் ஊற்றி ஜன்னல் விளிம்பில் உறைய வைத்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

தேநீர் போட வந்த பக்கத்து அறை ஜப்பானியர் தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். எங்கள் இருவருக்கும் பொது மொழி தட்டுத்தடுமாறிய ஜெர்மன்தான்.

"இது எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் இது கோடைக்கானது! பனியில் யாராவது செய்வார்களா?"

"எங்களுக்கு இது நோன்புக்கானது."

"நோன்பு எந்தப் பருவத்தில் வரும்?"

"எல்லாப் பருவத்திலும். வருஷா வருஷம் கொஞ்சம் முன்னால் நகரும்."

அவரால் நம்ப முடியவில்லை. அவர் ஊரில் வசந்தத்துக்குச் செர்ரி இலையில் சுற்றிய அரிசி இனிப்பு, இலையுதிர் காலத்துக்குக் கஷ்கொட்டை. காலம் மாறிச் செய்தால் சிரிப்பார்களாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் உங்கள் இனிப்பு ஊர் சுற்றுகிறது!" என்று அவரே சிரித்தார். அன்று என்னோடு உட்கார்ந்து பாதித் தட்டைக் காலி செய்தார். மறுநாளிலிருந்து அந்தி சாய்ந்ததும் என் கதவைத் தட்டுவார்: "சூரியன் போய்விட்டது, வாருங்கள்!"

ஏப்ரலில் தெருவெல்லாம் செர்ரி பூத்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெர்மன்காரர்கள் பால்சோறு செய்யும் குண்டு அரிசியைக் குழைய வேகவைத்து, பீட்ரூட் சாறில் நிறமேற்றி, என்னிடமிருந்த காராமணியைச் சர்க்கரையோடு மசித்து உள்ளே வைத்தார். உப்பிலிட்ட இளம் செர்ரி இலையில் சுற்றி நீட்டினார். நான் கொழுக்கட்டை நினைப்பில் இலையை உரித்துப் போட்டேன்.

"ஐயோ, இலையையும் தின்ன வேண்டும்!"

தின்றேன். உப்பும் இனிப்பும் சேர்ந்து, காராமணி அப்படியே சுழியத்துப் பூரணமாக ருசித்தது.

ஜூலை வெக்கையில் மிச்சமிருந்த கடல்பாசியை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பால் சேர்க்காமல் கண்ணாடி போல உறைய வைத்து, அதற்குள் சர்க்கரைப் பாகில் வெந்த கேரட்டில் வெட்டிய மீன்களை நீந்தவிட்டிருந்தார். புதினா இலைகள் பாசிபோல் மிதந்தன. நாங்கள் குடியிருந்த வீட்டின் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். வெட்ட எனக்கு மனசு வரவில்லை, அவருக்கும்தான்.

அங்கிருந்த வீட்டுக்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெயிலில் மீன் கெட்டுப்போகும்" என்று சொல்லி, பெரிய கரண்டியால் நடு மீனை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.