அக்காவின் நேர்காணலை அணைத்தவர்கள்

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். தெரிந்தால் அப்பா அடிப்பார்.

இன்று காலை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அக்காவை ஒன்லைனில் நேர்காணல் செய்தது. உடம்பின் புரதங்களோடு சர்க்கரை எப்படி ஒட்டுகிறது என்று ஆராயும் முனைவர் பட்டப் படிப்பு.

தன் மகனுக்கு அக்காவைப் பெண் கேட்டு நாவுலயிலிருந்து வந்திருந்த அத்தை, கேமராவுக்குள் தலையை நீட்டினார்.

"சீனி ஒட்டுறதப் பாக்கவா வெளிநாடு? தேத்தண்ணிக் கோப்பையக் கழுவாம வையிடி, எறும்பே பாடம் எடுக்கும்!"

அப்பா சிரித்தபடி போனைப் பிடுங்கினார்.

"ஷீ மேரேஜ், சேர். நோ கமிங்."

அணைத்துவிட்டார். அக்கா அழவில்லை. எழுந்துபோய் அத்தைக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

இப்போது அப்பாவின் தலையணைக்கடியிலிருந்து அந்தப் போனை எடுத்து, அக்கா பெயரில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நாளை காலை மறுபடி கூப்பிடுகிறார்களாம்.

அதுவரை போனை எங்கே ஒளிப்பது, சொல்லுங்கள். அரிசி வாளி வேண்டாம், விடிந்ததும் அத்தை அதைத்தான் திற

யாரோ கதவைத் தட்டு