சீனி ஒட்டிய விரல்

என் மனைவிக்குச் சில வருஷங்களாகச் சீனி வியாதி. காலையில் இன்சுலின் ஊசி போட்டுவிடுவது என் வேலை. ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை செய்யும் எங்கள் மகள்தான் சீனி பார்க்கும் மெஷினை வாங்கி வந்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.

"மெஷின்ல சொருகுற இந்தப் பட்டியில மருந்து தடவியிருக்குப்பா. ரத்தத்துல உள்ள சீனி பட்டா துளியூண்டு கரண்டு வரும். மெஷின் அத அளந்து நம்பர் சொல்லும்."

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நம்பர் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்றாள்.

வேலை இல்லாத ஒரு நாள். ஊசி போட்ட பிறகு பார்த்தால் எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மனைவி கீழ் லயத்துக்குப் போய்க் குடத்தில் எடுத்து வந்தாள். ரொட்டி சுடத் தாமதமாகிவிட்டது. எனக்கு மட்டும் தேத்தண்ணீர் ஊற்றி, வழக்கம்போல் டின்னுக்குள் கைவிட்டுச் சீனி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். நாங்கள் சீனியைக் கலக்குவதில்லை, நக்கிக்கொண்டே குடிப்போம்.

ரொட்டியைக் கல்லில் போட்டவள் அப்படியே அடுப்போரம் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வேர்வை. கை நடுங்கியது.

"என்னமோ செய்யுதுங்க."

அவள் விரலைக் குத்தி மெஷினில் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. அப்படி ஒரு நம்பரை நான் பார்த்ததே இல்லை. போட்ட ஊசி பத்தவில்லை என்று நினைத்து, மறுபடியும் மருந்தை இழுத்தேன்.

"மககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க" என்றாள். குரல் குழறியது.

கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் மகளுக்குப் போன் எடுக்க எனக்கு எப்போதும் கூச்சம். அன்று வாசலில் நின்று எடுத்து நம்பரைச் சொன்னேன். மறு கையில் ஊசி.

"வேர்க்குதா? நடுங்குதா? சாப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"கை கழுவிட்டா பாத்தீங்க?"

"இல்ல. இப்பத்தான் எனக்குச் சீனி எடுத்துக் குடுத்திச்சு."

"ஐயோ அப்பா! ஊசியக் கீழ வைங்க! அது விரல்ல ஒட்டுன சீனி. கழுவித் தொடச்சிட்டுப் பாருங்க!"

குடத்துத் தண்ணீரில் அவள் கையைக் கழுவித் துடைத்தேன். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. வேறு விரலில் குத்தினேன். ஐம்பத்திரண்டு. போனில் சொன்னேன்.

"கொறஞ்சு போச்சுப்பா! சீனி குடுங்க, சீக்கிரம்!"

டின்னோடு எடுத்து அவள் உள்ளங்கையில் கொட்டினேன். பாதி தரையில் சிந்தியது. அவள் குழந்தை மாதிரி நக்கினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் மகள் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையை நிமிர்த்தினாள்.

"ரொட்டி கருகுது, தெரியலியா ஒங்களுக்கு?"

கையிலேயே ஒட்டிக்கொள்ளும் மெஷின் இப்போது வந்திருக்கிறதாம், விரலைக் குத்தவே வேண்டாமாம். மகள் சொல்கிறாள். இங்கேயும் வரட்டும். அன்று நான் மருந்து இழுத்த அந்த ஊசி அடுப்புத் திட்டில் கிடந்தது. அதைத் தொட்டு எடுத்துப் போட அன்று முழுவதும் என்னால் முடியவில்லை.