வெங்காயத்தாளின் பதம்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கேன்டீனில் நூற்றிருபது பேருக்குச் சமைத்துப் போடுகிறவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிக்கு வயது எழுபது, அவளுக்கு ஐம்பத்து நாலு. அவரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். பசி நேரத்தில் வயதை யார் பார்க்கிறார்கள்? பத்தொன்பது வருஷமாக அந்த அடுப்பு அவள் கையில்தான். பக்கத்தில் நின்று காய் நறுக்குகிறவள் அவளுடைய ஓரகத்தி, வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. வீட்டில் மாடியும் கீழும், வேலையில் ஒரே அறை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் இன்றைக்கே தலைமுழுகிவிடுவார்கள் போலிருக்கும். மறுநாள் காலையில் ஒரே பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார்கள்.

குளிர் காலத்தில் பெரியக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாசனை என்று ஒன்று அறவே இல்லை. சோப்பும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். நாக்கில் உப்பும் உறைப்பும் எங்கேயோ தூரத்தில் தெரியும், அவ்வளவுதான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரும், வராமலும் போகலாம்மா" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா?

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சமையல்காரிக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் எந்தக் கேன்டீன் அவளை அடுப்பில் நிற்க விடும்? அடுப்பு போனால் அப்புறம் அவள் யார்? பிள்ளைகள் தலையெடுத்துப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் முதுகுவலியும் செய்தித்தாளுமாகக் காலத்தை ஓட்டுகிறார். பெரியக்கா என்று கூப்பிட நூற்றிருபது பேர் இருந்தது அந்த ஒரு அறையில்தான். அதை விடக்கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குள் மிச்சம் இருந்த ஆசை.

மற்றபடி எல்லாமே மரத்துப்போய்விட்டது. அட்டைக் கம்பெனியில் வேலை பார்த்ததற்கு அட்டையையே சோறாகத் தின்கிறோம் என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வர வேண்டிய நினைப்பு, வரவில்லை. மகள் மூன்று மாதக் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். குழந்தையின் உச்சந்தலையில் முகத்தை வைத்தாள் பெரியக்கா. ஒன்றும் வரவில்லை. கையில் கனம் தெரிந்தது. "என்னம்மா, பேத்தியைக் கொஞ்சக்கூட மாட்டேங்கிற?" என்று மகள் கோபித்துக்கொண்டாள். "கொஞ்சிட்டுத்தானே இருக்கேன்" என்றாள். பொய்தான். பொய் சொல்கிறோம் என்ற கூச்சம்கூட வரவில்லை.

வேலையில் கை காப்பாற்றியது. இத்தனை படிக்கு இத்தனை பிடி உப்பு என்று பத்தொன்பது வருஷம் அள்ளிய கைக்கு மூக்கு எதற்கு? அப்படியே இரண்டு மாதம் தள்ளிவிட்டாள். அதற்குள் வெங்காயத்தாள் வந்துவிட்டது.

குளிர் விட்டு வெயில் ஏறுகிற அந்த ஐந்தாறு வாரம் மட்டும் சந்தையில் வெங்காயத்தாள் கட்டுக்கட்டாக இறங்கும். வேர் முனையில் ஈர மண்ணோடு, வெள்ளைக் கிழங்கு சுண்டுவிரல் பருமனில் இருக்கும். அந்த வாரங்களில் பெரியக்கா அதைக் கல்லில் வாட்டி, தினசரிச் சாப்பாட்டோடு ஒரு கை வைப்பாள். கட்டிங் மெஷின்காரர்கள் அதற்காகவே வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரிசையில் நிற்பார்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. வேரை மட்டும் கிள்ள வேண்டும், அடியை வெட்டக்கூடாது, வெட்டினால் தாள் தாளாகப் பிரிந்துவிடும். கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் வாடாது, வெந்து தொலையும். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்த பிறகு, எண்ணெய் தடவி, வெள்ளைப் பக்கம் நடுத்தீயிலும் பச்சைப் பக்கம் ஓரத்திலுமாக அடுக்க வேண்டும். இறக்கும்போது உப்பு, அதன் மேல் எலுமிச்சை.

சமாச்சாரம் எல்லாம் திருப்புகிற நேரத்தில் இருக்கிறது. முதலில் கண்ணைக் கரிக்கிற பச்சை வாடை. அது அடங்கி, திடீரென்று இனிப்பாக ஒரு வாசனை எழும்பும். அந்த நொடியில் திருப்ப வேண்டும். விட்டால் கசப்பு. கட்டுக்குக் கட்டு பருமன் மாறும், நாளுக்கு நாள் ஈரம் மாறும், அதனால் கடிகாரம் உதவாது. மூக்குதான் கடிகாரம்.

முதல் நாள் சந்தைக்காரன் கட்டுகளை இறக்கியபோது பெரியக்காவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனால் போகட்டும் என்று கல்லைக் காய வைத்தாள். கண்ணால் பார்த்தாள், 'சொய்ங்' சத்தம் அடங்குவதைக் காதால் கேட்டாள். பக்கத்தில் ஓரகத்தி வேறு தொணதொண என்று, "அக்கா, எலுமிச்சம்பழம் நறுக்கட்டுமா?", "அக்கா, தட்டு எடுத்துட்டு வரட்டுமா?" என்று உயிரை வாங்கினாள். "எடுத்துட்டு வாயேன்டி, இதுக்கெல்லாம் ஒரு மனு போடணுமா?" என்று எரிந்து விழுந்துகொண்டே திருப்பினாள். அருமையாக வந்தது! வரிசையில் நின்றவர்கள் இரண்டாம் தரம் கேட்டார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. மூக்கு இல்லாமலே சமாளித்துவிட்டோம் என்று ஒரு தைரியம் வந்தது.

வியாழக்கிழமை ஓரகத்தி லீவு. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். காயை நறுக்கி வைத்துவிட்டு, பெரியக்கா தனியாகக் கல்லுக்கு முன்னால் நின்றாள். அதே கண், அதே காது. முதல் ஈட்டைத் திருப்பினால் அடியில் கருப்பு. கொஞ்சம் முந்திக்கொள்ளலாம் என்று இரண்டாவது ஈட்டைச் சீக்கிரமே எடுத்தாள். பச்சையாக நறநறத்தது. மூன்றாவது மறுபடியும் கரி. அதற்குள் மணி அடித்து, ஆட்கள் தட்டோடு வந்துவிட்டார்கள்.

லோடு ஏற்றுகிற மேஸ்திரி ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன பெரியக்கா, கரிக்கடை போட்டாச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கழுவுகிற தொட்டிக்குத் தட்டுகள் திரும்பியபோது பாதி வெங்காயத்தாள் அப்படியே கிடந்தது. கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், சத்தம் போடத் தெரியாது. "என்னாச்சுக்கா?"

"அடுப்பு சரியில்ல சார். தீ ஒரே சீரா வரல."

"அப்படியா? நாளைக்கே ஆளை வரச் சொல்றேன்."

மறுநாள் ஓரகத்தி வந்துவிட்டாள். அம்மா கட்டுப் போட்ட கண்ணோடு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே வேர் கிள்ளினாள். பெரியக்கா கல்லில் அடுக்கினாள். கொஞ்ச நேரம் போயிற்று. "அக்கா, எலுமிச்சம்பழம் நறுக்கட்டுமா?"

பெரியக்காவின் கை தானாகச் சட்டுவத்துக்குப் போயிற்று. போன கை பாதியில் நின்றது. எலுமிச்சம்பழம் ஏற்கெனவே நறுக்கி, கிண்ணத்தில் கிடந்தது. கண்ணெதிரே!

அவள் திருப்பவில்லை. சும்மா நின்றாள்.

"அக்கா, தட்டு எடுத்துட்டு வரட்டுமா?" குரல் கொஞ்சம் உயர்ந்தது. தட்டும் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. பெரியக்கா அசையவில்லை. "அக்கா! தட்டு!" ஓரகத்தி கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, சட்டுவத்தைப் பிடுங்கி, பரபரவென்று எல்லாவற்றையும் திருப்பிவிட்டாள். கல்லில் ஒன்றுகூடக் கருகவில்லை.

"எப்பலேர்ந்துடி தெரியும்?"

ஓரகத்தி தலையைத் தூக்கவில்லை. "போன மாசம், அந்த அழுகின முட்டை அன்னிக்கே தெரியும். உடைச்சு மோந்து பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே, நாத்தம் குடலைப் பிடுங்குச்சுக்கா. நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நான்தான் கொட்டினேன்."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்களாக்கும்?"

"மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே. அடுப்பு உனக்கு வந்திருக்கும்."

"அதான் சொல்லல." ஓரகத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பன்னெண்டு வருஷமா இந்த அடுப்பு மேல எனக்கு ஆசை. பொய் சொல்வானேன், உங்க மேல பொறாமை. ஆனா இப்படி வந்து எனக்கு எதுக்கு? உங்க மூக்கு போச்சுன்னு நான் போய்ச் சொல்லி, அந்தக் கல்லுல நின்னா எனக்கு ஒரு வாய் சோறு இறங்குமா?"

பெரியக்காவுக்குக் கோபம் வந்திருக்கலாம், நன்றி வந்திருக்கலாம், கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். எதுவும் வரவில்லை. வெங்காயத்தாளைத் தட்டுக்கு மாற்றி உப்பைத் தூவினாள். இத்தனை நாள் தான் சமைத்ததாக நினைத்ததெல்லாம் இவள் சமைத்தது என்று மட்டும் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் அடுப்பு ரிப்பேர்காரரோடு உள்ளே வந்தார். ரிப்பேர்காரர் குனிந்து குழாயைப் பார்த்தார், பர்னரைக் கழற்றி ஊதினார், ஏற்றி இறக்கிப் பார்த்தார். "தீ நல்லாத்தானே சார் இருக்கு?"

"அது என்னன்னா சார், நேத்து வந்த வெங்காயத்தாளே மோசம். சந்தைக்காரன் ஏமாத்திட்டான்" என்று ஓரகத்தி முந்திக்கொண்டாள். நேற்று அவள் லீவு என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். பெரியக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும், அடுப்பும் அவள் கையிலேயே இருந்திருக்கும். பக்கத்தில் ஒருத்தி காலம் முழுக்க எலுமிச்சம்பழம் நறுக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே நின்றிருப்பாள்.

"அடுப்புக்கு ஒண்ணுமில்ல சார்" என்றாள் பெரியக்கா. "எனக்குத்தான் மூக்கு போயி ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு. வாசனை தெரியல. ருசியும் தெரியல. இத்தனை நாளா இவதான் எனக்கும் சேர்த்து மோந்து பாத்திருக்கா. இனிமே இவளே நிக்கட்டும். நான் காய் நறுக்கறேன்."

"உடம்பைப் பாத்துக்கங்கக்கா" என்றார் மேனேஜர். ரிப்பேர்காரர் பாவம், பர்னரை மாட்டிவிட்டுத் தன் பையைத் தேடினார்.

பெரியக்கா இடுப்பில் முன்பக்கமாகக் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து ஓரகத்தியிடம் கொடுத்தாள். நறுக்குகிற பலகைக்கு முன்னால் போய் நின்றாள். பலகை அவளுக்குக் கொஞ்சம் உயரம். இருபது வேர் கிள்ளுவதற்குள் நகக்கண்ணெல்லாம் மண். அந்தப் பக்கம் சட்டுவம் கல்லில் உரசுகிற சத்தம் கேட்டது. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

முதல் ஈடு இறங்கியதும் ஓரகத்தி ஒரு கிண்ணத்தில் நாலு தாளை எடுத்துக்கொண்டு வந்து பலகையில் வைத்தாள். பெரியக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மெத்தென்று இருந்தது. சூடாக இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள் ஓரகத்தி. கேட்ட வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் முகமே சுருங்கிப்போயிற்று.

பெரியக்கா மெதுவாக மென்று முழுங்கினாள். "தெரியலடி" என்றாள். "நீ சாப்பிட்டுச் சொல்லு."

ஓரகத்தி ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். மெல்ல முடியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இனிக்குதுக்கா" என்றாள். "நல்லா இனிக்குது."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பெரியக்கா இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.