மணிக்காரங்க புடவை

"இத எங்க கட்டிகினு போவீங்க?"

மூட்டையின் முடிச்சில் விரலை வைத்துக்கொண்டுதான் கிருஷ்ணம்மாள் இதைக் கேட்பாள். பதில் வரும்வரை முடிச்சு அவிழாது. என்ன விலை, என்ன கலர், கரை பெரியதா சிறியதா என்ற பேச்செல்லாம் அப்புறம். "சும்மாதான், எதுனா விசேஷத்துக்கு" என்று இழுத்தால் அவளுக்குப் பிடிக்காது. "விசேஷம்னா உங்க வூட்டு விசேஷமா, அடுத்த வூட்டு விசேஷமா?" என்று மடக்குவாள். புடவை பார்க்க வந்தவர்கள் திகைத்து, கொஞ்சம் யோசித்து, உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

ஆரணியில் பட்டு விற்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. வந்தவர் மடியில் புடவையைப் போட்டு, ஜரிகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டி, வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. கிருஷ்ணம்மாள் அதிகம் பேச மாட்டாள். நாற்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு. நடை மட்டும் எங்கோ தீப்பிடித்த மாதிரி இருக்கும். பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டாள். உள்ளே நிற்கிற பெண்களின் புடவைகளைத்தான் பார்ப்பாள். சில பேர் முறைத்திருக்கிறார்கள். அதை அவள் பொருட்படுத்துவதில்லை.

ஊர்ப் பெண்களை அவள் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறாள். முதலில் முகூர்த்தக்காரங்க. இவர்கள் பத்துப் பேராக வருவார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவளைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். அடுத்து கோயில்காரங்க. படவேட்டம்மனுக்கு ஆடி வெள்ளியில் கட்டிக்கொண்டு போக மஞ்சளோ சிவப்போ கேட்பார்கள். வருஷத்துக்கு ஒன்று, அதோடு சரி. மூன்றாவது அவளே கண்டுபிடித்த ஜாதி. அதற்குப் பெயரும் அவளே வைத்தாள்: மணிக்காரங்க.

"மணி அடிச்சா உள்ள போறாங்க, மணி அடிச்சா வெளிய வர்றாங்க. டீச்சருங்க, நர்சம்மாங்க, பேங்க்ல இருக்கிறவங்க. அவங்க சம்பளம் அவங்க கைல. ஆனா அவங்களுக்குன்னு ஒரு தறியும் ஓடல பாருங்க" என்பாள். ஏதோ அநியாயம் நடந்துவிட்டதைப் போலச் சொல்வாள்.

இரண்டு வருஷம் பஸ்ஸில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. சீட்டில் துருத்தியிருக்கும் ஆணியில் ஜரிகைதான் முதலில் மாட்டுகிறது. போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் கனத்த முந்தானை தோளில் நிற்பதில்லை. சாக்பீஸ் தூள் அரக்கிலும் கருநீலத்திலும் பளிச்சென்று தெரிகிறது. ஆகவே மணிக்காரங்களுக்குப் புடவை லேசாக இருக்க வேண்டும். கரையில் ஜரிகை கூடாது, பட்டு நூலே போதும். கலர் பாசிப் பச்சை, சாம்பல், வெங்காயத் தோல், காப்பிக்கொட்டை. விற்கிற இடமும் மாற வேண்டும். "வூட்டுக்குப் போயி காட்டினா மாமியாரு எடுப்பாங்க. மத்தியான மணி அடிச்சப்புறம் பள்ளிக்கூடத்துல காட்டினா அவங்களே எடுப்பாங்க."

இதையெல்லாம் அவள் கணவன் பச்சையப்பன் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். நல்ல மனிதன். வீட்டில் நாலு தறி. ஆனால் பட்டு நூல் கொடுப்பதும், நெய்த புடவையை மெட்ராஸ் கடைகளுக்குக் கொண்டுபோவதும் அவனுடைய அண்ணன் சேவூர் சிவப்பிரகாசம். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். புடவையை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். தம்பி மனைவியின் யோசனையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. "பட்டுன்னா கனக்கணும். காயிதத்த நெய்யறதுக்கு எல்லப்பன் எதுக்கு?"

எல்லப்பன் அந்த நாலு தறிகளில் முதல் தறிக்காரன். ஓரம் பிசகாமல் நெய்கிற கை அவனுக்கு. ஆடியில் கல்யாணம் கிடையாது. மெட்ராஸ் கடைகள் கடிதம்கூடப் போடுவதில்லை. தறிகள் வாயை மூடிக்கொள்ளும். இந்த வருஷம், எண்பத்து மூன்றில், காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் எல்லப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் போனால் மற்ற மூன்று பேரும் பின்னாலேயே போய்விடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்போதுதான் கிருஷ்ணம்மாள் மைத்துனர் முன்னால் வந்து நின்றாள்.

"மணிக்காரங்களுக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா மாமா? அவங்களுக்கு ஒண்ணாந்தேதிதான் முகூர்த்தம்."

சிவப்பிரகாசம் ஒரு பேச்சுக்கு வந்தார். தறிக்கு ஒரு பாவு, பாவுக்கு மூன்று புடவை, ஆகமொத்தம் பன்னிரண்டு. ஆடி முடிவதற்குள் பன்னிரண்டும் போய்விட்டால் நாலு தறியும் வருஷம் முழுக்க அவள் சொல்கிறபடி ஓடட்டும். ஒன்று மீந்தாலும் இரண்டு தறியைப் பிரித்துச் சேவூருக்கு எடுத்துப் போய்விடுவார், எல்லப்பனையும் சேர்த்து. கிருஷ்ணம்மாளும் மூட்டை தூக்குவதை விட்டுவிட வேண்டும். அவள் சரி என்றாள். அன்று இரவு சோறு இறங்கவில்லை என்று பிற்பாடு பச்சையப்பன் சொன்னான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. ஒரு பாவில் வருகிற மூன்று புடவையும் ஒரே கலர், ஒரே அச்சு. கல்யாண வீட்டுக்கு அது பெரிய வசதி. ஓர்ப்படிகளுக்கும் நாத்தனார்களுக்கும் ஒரே பாவில் எடுத்துக் கொடுத்துவிட்டால், உனக்கு உசத்தி எனக்கு மட்டம் என்ற சண்டை கிடையாது. நெசவுத் தெருவில் ‘ஒரே பாவு’ என்றால் புகழ்ச்சி. மணிக்காரங்களிடம் அது விஷம். கூட வேலை செய்கிறவள் அதே புடவையில் வந்து நின்றால் அன்றைக்குச் சாயங்கால மணி அடிப்பதற்குள் உயிர் போய்விடும். அதனால் கிருஷ்ணம்மாள் ஒரு பாவை ஓர் இடத்தில் விற்க மாட்டாள். பாசிப் பச்சையில் ஒன்று ஆரணி ஆஸ்பத்திரி நர்சுக்குப் போனது. ஒன்றைத் தேவிகாபுரம் பள்ளிக்கூடத்தில் தேவகி டீச்சர் எடுத்தாள். மூன்றாவதைச் சேவூர் நர்சம்மா கேட்டிருந்தாள். அவள் வந்தால் கொடுக்கும்படி பச்சையப்பனிடம் சொல்லிவிட்டு இவள் ஊர் ஊராகச் சுற்றினாள்.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது ஒன்பது புடவை போயிருந்தது. மிச்சம் மூன்று, மூன்றும் வேறு வேறு பாவு. அந்த மூன்றுக்கும் தேவிகாபுரத்திலேயே மூன்று டீச்சர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றத்துக்குத் தேவகி புதுப் புடவை கட்டிக்கொண்டு வருவாள், கட்டினால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒன்பது போன தெம்பில் எல்லப்பன் தறியில் இன்னொரு பாவும் ஏற்றியாகிவிட்டது.

பதினான்காம் தேதி சாயங்காலம் சேவூர் நர்சம்மா வந்து, தன் பாசிப் பச்சை எங்கே என்று கேட்டாள்.

கிருஷ்ணம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "வித்தாச்சுன்னு சொன்னீங்களே. யாருக்கு?"

"பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு ஒருத்தர் வந்தாரு. தேவிகாபுரம் ஹெட்மிஸ்ட்ரஸ் வூட்டுக்காரராம். நம்ம தேவகி டீச்சர் எடுத்ததும் இதே பாவுதான்னு சொன்னேன். மனுஷன் மறுபேச்சு பேசாம ஜல்தியா எடுத்துகினு போயிட்டாரு." பச்சையப்பன் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"அங்க இன்னா கல்யாணமா நடக்குது?" என்றாள் கிருஷ்ணம்மாள். குரலை உயர்த்தவில்லை. தலைமை ஆசிரியை ரேணுகாம்பாளும், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத தேவகியும், நாளைக் காலையில் ஒரே கொடிக்கம்பத்தின் கீழே.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூட்டையோடு ஏறினாள். தேவகி ஆரணியிலிருந்துதான் போய்வருகிறாள். இரண்டாவது நிறுத்தத்தில் அவள் ஏறியபோது பஸ்ஸே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது. பாசிப் பச்சை அவளுக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. வேறு நாளாக இருந்தால் கிருஷ்ணம்மாள் பூரித்துப் போயிருப்பாள். இன்று பக்கத்தில் உட்காரவைத்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தப்பு எங்களோடது டீச்சர். மூட்டைல மூணு புடவ இருக்குது. எத வேணா எடுத்துக்குங்க. பஸ் ஸ்டாண்டாண்ட பூக்காரம்மா வூட்ல மாத்திக்கலாம்."

தேவகி முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஹெச்.எம்.முக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காது."

"நான்தானே முதல்ல வாங்கினேன்?"

"ஆமா."

"அப்ப நான் எதுக்கு மாத்தணும், கிருஷ்ணம்மாக்கா? இது எங்க வீட்ல எடுத்துக் குடுத்த புடவை இல்ல. என் மாதிரி வேற யாரும் கட்டக்கூடாதுன்னுதான் உங்ககிட்ட வாங்கினேன். நான் மாத்த மாட்டேன்."

மணிக்காரங்க யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தனக்கென்று எடுப்பார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் கிருஷ்ணம்மாள்தானே. நல்ல பேஜார். வயலும் வரப்புமாக வழி ஓடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும்போது இதோடு பழுதாகி நின்றுவிடாதா என்று அவள் மனம் கெஞ்சியது. அன்றைக்கென்று அந்த பஸ் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ரேணுகாம்பாள் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். பாசிப் பச்சை. தேவகி கேட்டைத் தாண்டி நிமிர்ந்து நடந்து போய் ஆசிரியைகள் வரிசையில் நின்றாள். கிருஷ்ணம்மாள் வெளியே புளியமரத்தடியில் மூட்டையை அணைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு பிள்ளை உரக்கக் கேட்டது: "பெரிய டீச்சரும் தேவகி டீச்சரும் அக்கா தங்கச்சியா?" யாரோ பொத்திய வாய்க்குள் சிரித்தார்கள். கயிறு இழுக்க ஒரு நொடி தாமதமாயிற்று. பிறகு கொடி ஏறியது.

மிட்டாய் கொடுத்து முடிந்ததும் ரேணுகாம்பாளே கேட்டுக்கு வந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

"புடவைல குத்தமில்ல, கிருஷ்ணம்மா. நல்லா இருக்கு. இனிமே வீட்ல கட்டிக்கிறேன். ஸ்கூலுக்குக் கட்டமாட்டேன்."

வாக்குக் கொடுத்திருந்த மூன்று டீச்சர்களும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். ஒருத்திகூட மூட்டையைத் திறக்கச் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் கிருஷ்ணம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். பக்கத்துச் சீட்டில் ஒரு கிழவி மயில்கழுத்துப் புடவை கட்டியிருந்தாள். பழசு, சாயம் போனது. பஸ் திரும்பும்போது வெயில் பட்டு அது நீலமாகவும், மறுபடி திரும்பும்போது பச்சையாகவும் தெரிந்தது. நீலம் பாவு, பச்சை ஊடை. குறுக்கே ஓடுகிற நூல் வேறு கலர், அவ்வளவுதான். இது நெசவுத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பாவுக்கு ஒரே ஊடை என்று ஓட்டி ஓட்டி, புடவைக்குப் புடவை ஊடையை மாற்றி ஒரே பாவில் மூன்று கலர் எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்யாண வீடு ஒரே மாதிரி கேட்டது, தறியும் ஒரே மாதிரி கொடுத்தது. கிருஷ்ணம்மாள் கிழவியின் முந்தானையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. சாயம் போட்டு மிச்சமிருந்த நூல்களையெல்லாம் எடுத்துப்போட்டு, ராட்டை முன்னால் உட்கார்ந்து, ஊதா நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்ற ஆரம்பித்தாள். ஊடை நூலைக் குறுக்கே இழுத்துப் போகிற நாடாவுக்குள் வைக்கிற அந்தக் குச்சிக்குத் தார் என்று பெயர். தார் சுற்றுவது பெண்கள் வேலை. தறியைத் தொடுவது ஆண்கள் வேலை.

ஆடி கடைசி நாள் காலையில் சிவப்பிரகாசம் வந்தார். கூடவே தறி பிரிக்கிற துரையையும் அழைத்து வந்திருந்தார். மூட்டையைப் பார்த்தார். மூன்று புடவை.

"பேச்சு பேச்சா இருக்கணும்" என்றார். குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை. "ஒரு பொம்பளைக்கு இவ்ளோ தூரம் வித்ததே பெருசு. நான் இல்லன்னு சொல்லல."

பச்சையப்பன் தரையைப் பார்த்தான். எல்லப்பன் அப்போதுதான் புதுப் பாவில் முதல் புடவையை முடித்திருந்தான். சாம்பல் கலர். அடுத்ததற்கு அதே சாம்பல் தாரை நாடாவில் போட்டு வைத்திருந்தான். துரை தறியின் மேல் கட்டைக் கயிற்றில் கையை வைத்தான்.

"இருப்பா," என்றாள் கிருஷ்ணம்மாள். "ஆடிக்கு இன்னும் பொழுது இருக்குது."

"மூணு புடவய இன்னிக்கு எங்க போயி விப்ப?" என்றார் சிவப்பிரகாசம்.

"விக்கிறது அப்புறம் மாமா. இவங்களுக்கு நாம நெய்ஞ்சதே தப்பா நெய்ஞ்சிட்டோம்."

அவள் தறியருகே போய்க் குந்தினாள். எல்லப்பன் கையிலிருந்து நாடாவை வாங்கினாள். அவன் கொடுத்தான் என்று சொல்ல முடியாது. விரல் தானாக விட்டது. சாம்பல் தாரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். மடியிலிருந்து ஊதாத் தாரை எடுத்து நாடாவுக்குள் அழுத்தினாள். முடிந்த புடவையின் ஓரத்திலிருந்து சாம்பல் இழை ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லப்பன் சிவப்பிரகாசத்தைப் பார்த்தான். சிவப்பிரகாசம் தம்பியைப் பார்த்தார். துரை கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

கிருஷ்ணம்மாள் யாரையும் பார்க்காமல் குனிந்து, அந்த இழையைப் பல்லால் கடித்து அறுத்தாள்.