எருமைத் தயிரும் என் பெரட்டுக் குரலும்

முதலில் போனது குரல்தான். இருமல் பிறகுதான் வந்தது. தை மாதம், பெரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம்) பனி விலகவில்லை. ஆட்களைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை.

என் குரலைக் கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன். இலங்கையில், ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முன்பெல்லாம் ஆட்களை எழுப்பக் கொம்பு ஊதுவார்கள். நான் பெரிய கங்காணி (கூலியாட்களின் தலைவன்) ஆனதும் தோட்டத்தை நடத்தும் துரை கொம்பை நிறுத்திவிட்டார். மேட்டில் நின்று நான் ஒரு தரம் கூப்பிட்டால் மூன்றாம் மலை லயத்து வீடுகளிலும் ஆள் எழுந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதில்லை. எழுத்தைக்கூட மீசை நரைத்த பிறகுதான் கணக்கப்பிள்ளையிடம் கற்றேன். ஒற்றைக் கம்பளியோடு கப்பலேறி வந்தவன் ஒரு மலைக்கே தலைவனானது இந்தத் தொண்டையால்தான்.

தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த சிவப்புத் தண்ணீரால் ஒரு பயனும் இல்லை. என் மனைவி செல்லாயி வண்டி கட்டச் சொல்லி, ஹாலிஎலையில் இருந்த சிங்கள வைத்தியரிடம் கூட்டிப்போனாள். அவர் நல்ல தமிழ் பேசுவார். குளிரில் கபம் (உடம்பில் ஊறும் சளிக்கூறு) நெய்யைப் போல உறைந்து கிடக்கும், மாசி வெயில் பட்டதும் இளகும், வெளியேற வழியில்லையென்றால் நெஞ்சையும் தொண்டையையும் அடைக்கும் என்றார்.

அவர் சொன்ன முறையை, இதே உபத்திரவம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து வியர்க்கும்வரை மேடு ஏற வேண்டும். வந்ததும் கொள்ளு வறுத்து அரைத்த மாவை, எண்ணெய் கலக்காமல், காலிலிருந்து மேல்நோக்கித் தேய்க்க வேண்டும். பிறகு வெந்நீர்க் குளியல். வெதுவெதுப்பான தண்ணீரில் தேன். சாப்பாட்டுக்கு முன் திரிகடுகம் (சுக்கு, மிளகு, திப்பிலிப் பொடி). குரக்கனும் (கேழ்வரகு) பாசிப்பயறும் தின்னலாம். நசியம் (மூக்கில் விடும் மருந்து) மட்டும் வைத்தியர் கையால்தான். பகல் தூக்கம் கூடாது, வெல்லமும் பாணியும் (பனைப் பாகு) கூடாது. பங்குனி முடியும்வரை சத்தம் போடவே கூடாது.

“தயிரைக் கண்ணாலயும் பார்க்காதீங்க, கங்காணியார். இந்த மாசத்துல நல்லா இருக்கிறவனுக்கே அது நெஞ்சைக் கட்டும்” என்றார்.

என் இடத்தில் நின்று கூப்பிடத் துரை வைத்தது கறுப்பையாவை. செல்லாயியின் தம்பி. நான் ஊரிலிருந்து கூட்டிவந்து எனக்குக் கீழே சில்லறைக் கங்காணி ஆக்கியவன். தினமும் விடியலில் படுக்கையில் கிடந்தபடி அவன் குரலைக் கேட்டேன். தடித்த குரல் இல்லை. ஆனால் இழுத்து, சுத்தமாகப் போய் விழுந்தது.

“தம்பிக்குக் குரல் நல்லாத்தான் எழும்புது” என்றாள் செல்லாயி, கஞ்சியை ஊற்றிக்கொண்டே. அன்று என் திரிகடுகத்தில் பாதியைத் தேனில் குழைத்து அவனுக்குக் கொடுத்தனுப்பினாள். நான் கஞ்சியைத் தள்ளி வைத்தேன்.

அதற்குப் பொறாமை என்றுதான் பெயர். வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்றமாட்டேன். இருமலோடு சேர்ந்த காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. இது விடவேயில்லை.

அதுவரை நான் மேடு ஏறி நடக்க ஒப்பவில்லை. பெரிய கங்காணி கூலியாளைப் போல இருட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு போவதா என்று இருந்தேன். மறுநாள் செல்லாயி எழுப்பாமலே எழுந்தேன். கீழே சிங்களக் கிராமத்துக்கு இறங்கி, ஒரு சட்டி எருமைத் தயிரும் கித்துள் பனையின் பாணியும் வாங்கினேன். சுமந்துகொண்டு செங்குத்தான பாதையில் ஏறி, மேல் மலையில் கொழுந்து எடுக்கும் இடத்தில் கறுப்பையாவிடம் கொடுத்தேன். குரலுக்குத் தெம்பு என்றேன்.

“அத்தான், ஒடம்பு சரியில்லாத நேரத்துல எனக்காக நடக்குறீங்களே” என்றான். கண் கலங்கியிருந்தது. நான் சட்டியைக் காலி பண்ணச் சொன்னேன்.

மாசி முழுவதும் இப்படியே நடந்தது. சளி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. நெஞ்சு இலேசானது. நான் வைத்தியர் சொன்னபடி நடக்கிறேன் என்று செல்லாயி சந்தோஷப்பட்டாள். கறுப்பையா இருமத் தொடங்கினான்.

பங்குனி பிறந்து சில நாளில், ஒரு விடியலில் கூப்பாடே வரவில்லை. நான் காத்திருந்தது அதற்குத்தான். துண்டை எடுத்துக் கட்டினேன். “பங்குனி முடியலங்க, போகாதீங்க” என்று செல்லாயி வாசலை மறித்தாள். அவளை விலக்கிவிட்டு மேட்டுக்கு ஓடினேன். அங்கே கறுப்பையா தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முதல் தரம் கூப்பிட்டேன். மூன்றாம் மலைக்குப் போனது. கீழே எல்லோரும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். இன்னும் உரக்க இரண்டாம் தரம் கூப்பிட்டேன். பாதியில் உள்ளே துணி கிழிவதைப் போல ஏதோ கிழிந்தது. துப்பினால் இரத்தம்.

இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிப்போனார்கள். வைத்தியர் கறுப்பையாவின் நாடியைப் பிடித்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

அவன் பெருமையாகத்தான் சொன்னான், வராத குரலில். “அத்தான்தான் தெனம் தயிரும் பாணியும் கொண்டாந்து குடுத்தாங்க.”

வைத்தியர் என்னைப் பார்த்தார். “நான் சொன்னதுல ஒண்ணைக்கூட மறக்கல நீங்க” என்றார்.

செல்லாயி தம்பியைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினாள். வீட்டுக்கு வந்ததும் கொள்ளு மூட்டையை என் முன்னால் போட்டாள். “எந்தம்பிக்கு நீங்களே அரைங்க” என்றாள். அரைத்தேன். அவன் முதுகிலும் நெஞ்சிலும் நானே தேய்த்தேன். கறுப்பையா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சித்திரையில் அவன் குரல் முழுதாகத் திரும்பியது. என்னுடையது வீட்டுக்குள் பேசும் அளவுக்குத்தான் வந்தது. தொண்டைக்குள் ஆறிய தழும்பு இனி இழுத்துக்கொடுக்காது, உரக்கக் கூப்பிட வராது என்றார் வைத்தியர். பெரட்டை அவனுக்கே கொடுத்துவிட்டார் துரை.

பல வருஷம் ஆயிற்று. எனக்கு நாட்காட்டி வேண்டாம். தை கடந்தால் நெஞ்சுக்குள் ஈரம் இளகுவது தெரியும், அன்றே கொள்ளு வறுக்கச் சொல்வேன். இந்த வயதில் இந்தத் தோட்டத்தில் என்னளவு மேடு ஏறுகிறவன் கிடையாது. ஆனால் விடிவதற்குச் சற்று முன், நான் கேட்காமலே என் நெஞ்சு காற்றை இழுத்து நிரப்பிக்கொள்கிறது. அந்த நேரத்தில் மேட்டிலிருந்து கறுப்பையா கூப்பிடுகிறான். மூன்றாம் மலைக்குப் போய் அது விழும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாக மூச்சை விடுகிறேன்.