அன்னூர் பஸ்ஸில் பன்னிரண்டு முட்டைகள்

கோயம்புத்தூரிலிருந்து அன்னூர் பத்தொன்பது மைல். சந்தைக்குப் போகிறவர்கள் உண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. முப்பத்தாறாம் வருஷத்துச் சித்திரையில் நான் போனது அடைமுட்டை எடுத்துவர. சிரிக்காதீர்கள், பத்து வருஷ உழைப்பு அந்த முட்டைகளுக்குள் இருந்தது.

முட்டைக்குள் வளரும் குஞ்சின் மூளையை ஆராய்வது என் வேலை. ஆணையும் பெண்ணையும் வேறாக்கும் ஹார்மோன், கொண்டையையும் கூவலையும் மட்டும் மாற்றுகிறதா, வளரும்போதே மூளையையும் தொட்டுவிடுகிறதா? இதுதான் கேள்வி. ஆறு முட்டைகளில் ஹார்மோன் கலந்த எண்ணெயையும், ஆறில் வெறும் எண்ணெயையும் ஊசியால் செலுத்தித் துளையை மெழுகால் அடைத்தேன். கப்பலில் வந்த மருந்து அத்தோடு தீர்ந்தது. அன்றைக்கென்று முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் பொரிப்புப் பெட்டியின் மண்ணெண்ணெய் விளக்கு கெட்டுத் தொலைந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு முட்டை கொடுக்கும் மாராத்தாளுக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம். தன்னிடம் இரண்டு அடைக்கோழிகள் இருப்பதாகச் சொன்னார். சிவப்பு நூல் கட்டிய கூடையில் மருந்து முட்டைகள், வெள்ளை நூல் கூடையில் மற்றவை. “கலக்கக் கூடாது” என்று நூறு தடவை சொல்லி ஒப்படைத்தேன். முட்டைகளில் எண் போடவில்லை. மை ஓட்டுக்குள் இறங்கிவிடும் என்று எனக்கொரு பயம்.

அடை வைத்த பதினெட்டாம் நாள், பெட்டிக்குப் புது விளக்கு வந்ததும் கிளம்பினேன். காலை ஆறேகாலுக்கு பஸ், டிக்கெட் ஐந்தணா. பின்சக்கரத்துக்கு மேலே உட்காராதீர்கள். நான் உட்கார்ந்து அனுபவித்தாயிற்று. எட்டு மணிக்கு அன்னூர். தோட்டம் அங்கிருந்து இரண்டு மைல், மாட்டு வண்டிக்கு நாலணா.

வண்டிக்காரர் தவிடு நிரப்பிய என் கூடையை எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, கோயமுத்தூர்ல தவிடு கெடைக்காதுங்களா?”

“இது முட்டை வைக்கத்தாங்க.”

“முட்டையுங்கூடவா கெடைக்காதுங்க?”

மாட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாராத்தாள் சிவப்பு நூல் கூடைக் கோழியைத் தூக்கினார். ஐந்து முட்டைகள். மறுபடி எண்ணினேன், ஐந்துதான். வெள்ளை நூல் கூடையில் ஏழு.

“ஒண்ணு இடம் மாறியிருக்கே!”

“நாந்தானுங்க மாத்துனேன். ஆறாறா வெச்சா எப்படிங்க பொரிக்கும்? அடைக்கு ஒத்தப்படையாத்தானுங்க வெப்போம். அஞ்சும் ஏழுமாப் பண்ணிப்போட்டேனுங்க.”

ஏழும் மெழுகு வைத்த முட்டைகள். அதில் மருந்து முட்டை எது? தெரியாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? மருந்தும் இல்லை, மறுபடி செய்ய வழியும் இல்லை. “என்ன காரியம் பண்ணினீங்க!” என்று கத்திவிட்டேன். அடைக்கோழியும் கூடச் சேர்ந்து கத்தியது.

“பதறாதீங்க அம்மணி. திருப்பிப் பாருங்க.”

ஒவ்வொன்றாகத் திருப்பினேன். நாலாவது முட்டையின் அடியில் கரித்துண்டால் இழுத்த ஒரு கோடு.

“கலக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்லங்க? அதுக்குத்தானுங்க கோடு. கோழி பொரட்டிப் பொரட்டி அழிச்சுப்போடுதுங்க. நானும் தெனமும் போட்டுக்கிட்டே இருக்கறனுங்க.”

கோடு புதிதாக இருந்தது. அன்று காலையில் போட்டது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கென்னங்க, மோர் குடிங்க” என்றார்.

பதினொரு மணி பஸ்ஸில் முன்சீட்டு கிடைத்தது. மடியில் கூடை, இரண்டு வகைக்கும் நடுவே துணித் தடுப்பு. கண்டக்டர் கூடைக்கு ஓரணா வாங்கினார். உள்ளே உயிர் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் பன்னிரண்டு டிக்கெட் கிழித்திருப்பார்.

மூன்றாம் நாள் பதினொரு குஞ்சுகள் பொரித்தன. கரிக்கோட்டு முட்டையும் பொரித்தது.

அடைமுட்டையோடு பயணம் போகிறவர்கள் சித்திரையில் போங்கள், குளிர் தாக்காது. நாலு விரல் ஆழம் தவிடு போடுங்கள். கூடையை நம்பாமல் முட்டைக்கே அடையாளம் வையுங்கள். யார் பொறுப்பில் விடுகிறீர்களோ, அவர்கள் வீட்டு வழக்கத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நான் உத்தரவு மட்டும் போட்டேன், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மூளையில் என்ன மாறியது என்று நுண்நோக்கியில் பார்த்துச் சொல்ல இன்னும் பல மாதம் ஆகும். என் குறிப்பேட்டில் மற்றக் குஞ்சுகளுக்கெல்லாம் எண் இருக்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் கரியால் ஒரு கோடு. பக்கம் புரட்டப் புரட்ட அழிந்துபோகிறது. நானும் தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.